குன்னூர் லீவில் மகளின் தாடைக் கட்டி: மலையில் கிடைத்ததும் கீழே இறங்கி வாங்கியதும்

என் மகளுக்கு 12 வயது. தாடை எலும்புக்குள் கட்டி வருவது, எடுப்பது, மறுபடி வருவது என்று அவளுடைய ஒன்பது வயதிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த முறை அது தலைகாட்டியது நாங்கள் இருக்கும் இங்கிலாந்தில் இல்லை, ஆடி மாத லீவுக்குக் குன்னூரில் அம்மா வீட்டில் இருந்தபோது. மலை மேலே என்ன வசதி இருந்தது, எதற்காகக் கோயம்புத்தூர் இறங்க வேண்டி வந்தது, எதையெல்லாம் வாய்விட்டுக் கேட்டு வாங்கினோம் என்பதை எழுதுகிறேன். இந்த நோயைப் பற்றித் தமிழில் தேடினால் அதிகம் கிடைப்பதில்லை, அதனால் நோயையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பெயர் ஓடோன்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட், டாக்டர்கள் ஓகேசி என்பார்கள். குழந்தை கருவில் இருக்கும்போதே பல் உருவாவதற்கென்று ஈறுக்குள் ஒரு திசுப் பட்டை வரும், வேலை முடிந்ததும் அது கரைந்துவிட வேண்டும். சிலருக்கு அதன் துணுக்குகள் எலும்புக்குள்ளேயே தங்கிவிடுகின்றன, அங்கிருந்துதான் இந்தக் கட்டி கிளம்புகிறது. சாக்லேட் தின்றதால் வருவதில்லை, பல் தேய்க்காததால் வருவதில்லை, புற்றுநோயும் இல்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் இந்த மூன்றையும் கேட்டார்கள், அதுவும் பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டே. 1956-ல் பிலிப்சன் என்ற ஆய்வாளர் வைத்த பெயர் இது. 2005-ல் உலக சுகாதார நிறுவனம் இதை சிஸ்ட் (உள்ளே நீரோ கூழோ நிறைந்த பை) வரிசையிலிருந்து எடுத்து டியூமர் (திசுவே பெருகி வளரும் கட்டி) வரிசையில் போட்டது, அப்புறம் 2017-ல் திரும்பவும் சிஸ்ட் என்றே மாற்றிவிட்டது. ஆகவே பழைய ரிப்போர்ட்டில் டியூமர் என்று இருந்து, புதிய ரிப்போர்ட்டில் சிஸ்ட் என்று இருந்தால் நோய் மாறிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

இது திரும்பி வருவதற்குக் காரணம் இருக்கிறது. கட்டியின் உள்தோல் ஆறு முதல் எட்டு செல் கனம்தான், நனைந்த வெங்காயச் சருகு மாதிரி கையில் எடுக்கும்போதே கிழிந்து போகும். ஒரு துணுக்கு எலும்பில் ஒட்டிக்கொண்டு நின்றால் போதும், அதிலிருந்தே இன்னொன்று வளரும். பெரிய கட்டியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கட்டிகளும் இருக்கலாம். இன்னொரு கெட்ட குணம், இது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையின் போக்கிலேயே நீளவாக்கில் வளரும், அதனால் ரொம்பப் பெரிதாகும் வரைக்கும் கன்னம் வீங்காது, வலிக்காது. மகளுக்கு முதல் கட்டியே பல் வரிசை கோணலாக இருக்கிறதென்று எடுத்த எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. கீழ்த்தாடையில் வலது பக்கம், கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் மேலே ஏறும் எலும்பில் இருந்தது.

இரண்டாவது மேல்தாடையில், இடது கோரைப்பல் பக்கம் வந்தது. அங்கேதான் கதை வேறு பக்கம் திரும்பியது. சின்ன வயதில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் ஓகேசி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கோர்லின் சிண்ட்ரோம். 1960-ல் கோர்லின், கோல்ட்ஸ் என்ற இருவர் விவரித்தது, பெரும்பாலும் 9-வது குரோமோசோமில் இருக்கும் பிடிசிஎச்1 என்ற மரபணுக் கோளாறால் வருவது. அது இருந்தால் பலருக்குத் தோலில் ஒரு வகைப் புற்றுநோய் திரும்பத் திரும்ப வரும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சின்னச் சின்னக் குழிகள் தெரியும், விலா எலும்பு நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும், மூளையின் நடுச் சவ்வில் சுண்ணாம்பு படியும், சில குழந்தைகளுக்கு மூளையில் கட்டியும் வரலாம். இவளுக்கு நெஞ்சு எக்ஸ்ரே, தலைச் சுற்றளவு, தோல், கண், இதயம் என்று எல்லாம் பார்த்தார்கள். ரத்தத்தில் மரபணுச் சோதனையும் செய்தார்கள். எதிலும் எதுவும் இல்லை. சிண்ட்ரோம் இல்லாமலே பல இடங்களில் கட்டி வரும் குழந்தைகள் கொஞ்சம் பேர் உண்டு, அவர்களில் இவள் ஒருத்தி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நிம்மதியான செய்திதான், அந்த நாள் முழுக்க எனக்கு அழுகை நிற்கவில்லை. ஆனால் இந்த "சிண்ட்ரோம் இல்லை" என்ற வரியே பிறகு எங்களுக்கு இடைஞ்சலாகிவிட்டது. ஒரு பெயர் இருந்தால் டாக்டர் ஃபைலைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார். பெயர் இல்லை என்றால், பிரச்சினை இல்லை என்று படித்துவிட்டு ஃபைலை மூடிவிடுகிறார்கள். சிண்ட்ரோம் இல்லாத குழந்தைக்கும் கட்டி திரும்பத்தான் செய்யும், தாடை அதேபோல் அரித்துத்தான் போகும். அதோடு கோர்லினின் சில அறிகுறிகள் வயது ஏற ஏறத்தான் தெரிய ஆரம்பிக்கும், ஆக இன்றைக்கு இல்லை என்பது கண்காணிப்பை நிறுத்தலாம் என்பதற்கான சீட்டு இல்லை.

குன்னூரில் நடந்தது இதுதான். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து, "அம்மா, வாயில உப்புக் கரிக்குது, பழைய இடத்துலேருந்து வருது" என்றாள். வலி இல்லை, வீக்கம் இல்லை. அவளுக்கே தெரியும் இது என்னவென்று. தம்பி டவுனில் தெரிந்த கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப் போனான். அங்கே வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார்கள், நான் நீட்டிய ஃபைலில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார்கள், பல் முளைக்கிற வயசு, ஈறுல சீழ் வெச்சிருக்கு, ஆன்டிபயாடிக் சாப்பிடட்டும் என்று சீட்டு எழுதினார்கள். எக்ஸ்ரே எடுக்கலாமா என்று கேட்டதற்குப் பல்லுக்கு வைக்கும் குட்டி ஃபிலிமில் ஒன்று எடுத்து, ஒன்றுமில்லை பாருங்க என்றார்கள். அந்த ஃபிலிமில் இரண்டு மூன்று பல்லும் அவற்றின் வேரும்தான் தெரியும். இவளுடைய கட்டி இருந்த எலும்பு அதற்குள் வரவே வராது. இந்த நோய் இருக்கிற பிள்ளைக்குக் குட்டி ஃபிலிமை வைத்து ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். இரண்டு தாடையும் ஒரே படத்தில் வரும் ஓபிஜி எடுத்தே ஆக வேண்டும்.

மறுநாள் அத்தை ஒருத்தர் சொல்லி வேறொரு பல் டாக்டரைப் பார்த்தோம். பெரிய போர்டு எதுவும் இல்லாத, மாடிப்படி ஏறிப் போகும் கிளினிக். வயதான அம்மா. மகளைத் தொடுவதற்கு முன்னால் ஃபைலைக் கேட்டு வாங்கி, வெளியே ஆள் காத்திருக்க, ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பழைய ஓபிஜி படத்தை நீட்டும்போது கரண்ட் போய்விட்டது. அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய், மூடுபனியில் வெளுத்திருந்த கண்ணாடியில் படத்தைப் பிடித்துப் பார்த்தார். விரலால் எலும்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "இந்த ஓரத்துல ஒரு சின்ன பிசிறு விட்டுப் போயிருக்கு, இங்கதான் திரும்பியிருக்கும். கண்ணு, உனக்கு உதடு மரத்துப் போற மாதிரி இருக்கா?" என்று மகளிடம் கேட்டார். இல்லை என்றாள். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பைக் கட்டி அழுத்துகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கேள்வி. அப்புறம் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், காலணியைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலையும் பார்த்தார். சோதனையில் இல்லை என்று ரிப்போர்ட் இருக்கிறதே என்றேன். "அது போன வருஷத்து ரிப்போர்ட்டும்மா, கை கால் இந்த வருஷத்துது" என்றார். அவர் வாங்கிய கட்டணத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், சொல்லாமலே விடுகிறேன்.

ஓபிஜி அன்றைக்கே ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்தோம். சில நூறு ரூபாய்தான், அப்பாயின்ட்மென்ட் கிடையாது, போய் உட்கார்ந்தால் எடுத்துவிடுகிறார்கள். மகள் யாரும் சொல்லாமலே தோடு, கிளிப், செயின் மூன்றையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மேடையில் தாடையை வைத்து, பிளாஸ்டிக் குச்சியை முன்பல்லால் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அங்கே படம் எடுப்பவர், "பாப்பாவுக்கு எல்லாம் தெரியுதே" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. படத்தில் தெளிவாகத் தெரிந்தது, பழைய இடத்திலேயே, முளைக்காத பல்லுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு குழி. ஃபிலிமோடு சேர்த்து கணினியில் திறக்கும் அசல் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் பென் டிரைவில் போட்டுத் தருகிறார்கள், கேட்காவிட்டால் பிரிண்ட் மட்டும்தான்.

இனி கோயம்புத்தூர்தான் என்றார் டாக்டரம்மா. ஊட்டியில் இப்போது 700 படுக்கையோடு புதிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறதே, அங்கே போகலாமே என்று தம்பி கேட்டான். பல மாதம் தொடர்ந்து பார்க்க வேண்டிய கட்டி, திசுவைப் பார்த்துச் சொல்ல வாய் நோய்க்கூறு நிபுணரும் ஒரே இடத்தில் இருந்தால் நல்லது என்பதால் பல் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த இடமாகச் சொன்னார். செலவு தாங்க முடியாதவர்கள் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்றும் சொன்னார். மலையிலிருந்து அது ஒரு ராத்திரிப் பயணம்.

சாலை பற்றி ஒரு வார்த்தை. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டி நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். டிஎன் 43 உள்ளூர் வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை, அதனால் போகவும் வரவும் குன்னூர் வண்டியையே வைத்துக்கொண்டோம். இறங்கும்போது பர்லியாறு வளைவுகளில் மகளுக்கு எப்போதும் குமட்டும். திரும்பி வரும்போது வாயில் தையல் இருக்கும், வாந்தி எடுத்தால் சிரமம் என்று டாக்டரம்மா முன்கூட்டியே யோசித்து மாத்திரை எழுதித் தந்திருந்தார். ஓட்டிய அண்ணனும் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு மலை ஏறும் வரை வண்டியை ஒரு இடத்தில்கூட உலுக்கவில்லை.

கோவை மருத்துவமனையில் கவுன்டரில்தான் முதல் இழுபறி. ஆதார் எண் போடாமல் கணினி நகரவில்லை. பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையும் இருந்தும், வெளிநாட்டு நோயாளி என்று தனிப் பதிவு போட வேண்டும் என்று மாடிக்கு மாடி அனுப்பினார்கள். இரண்டின் நகலையும் நிறையவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போய்ச் சேர்ந்தபிறகு எல்லாம் வேகம்தான். வாய் முக அறுவை மருத்துவர் இளைஞர், பழைய படங்களையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் வைத்து மகளுக்கே விளக்கினார். முப்பரிமாணப் படம் தேவை, ஆனால் முழுத் தலைக்கும் வேண்டாம், கதிர்வீச்சைக் குறைக்க வலது பக்கத்துக்கு மட்டும் எடுப்போம் என்று அவராகவே சொன்னார். அது எனக்குப் பிடித்தது. இந்தப் பிள்ளை வாழ்நாளில் எத்தனை படத்துக்கு முகத்தைக் காட்ட வேண்டியிருக்குமோ.

ஊசியால் உறிஞ்சிப் பார்த்தபோது சிரிஞ்சில் தண்ணீர் வரவில்லை, கெட்டியாக வெள்ளையாகத் திரண்டு வந்தது. அது கெரட்டின், நகத்திலும் முடியிலும் இருக்கும் அதே புரதம். வேறு வகை சிஸ்ட் என்றால் பெரும்பாலும் வெளிர் மஞ்சளாக நீர்தான் வரும். இனி என்ன செய்யலாம் என்பதில் அவர் எங்களோடு நிறைய நேரம் உட்கார்ந்தார். கட்டியைத் தோண்டி எடுத்துவிட்டு கார்னாய் கரைசலை உள்ளே தடவி மிச்சத் திசுவைச் சாகடிப்பது ஒரு வழி, அப்படிச் செய்தால் திரும்புவது குறைகிறது. ஆனால் அந்தக் கரைசல் நரம்பில் பட்டு நின்றால் உதடு மரத்துப்போகலாம், இவளுக்கு நரம்பை ஒட்டியே கட்டி, முளைக்காத பல்லும் அங்கேயே. அதனால் முதலில் கட்டியில் ஒரு ஜன்னல் திறந்து, பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்துத் தைத்து, உள்ளே இருக்கும் அழுத்தத்தை எடுத்துவிட்டால் சில மாதத்தில் கட்டி சுருங்கும், எலும்பு உள்ளே நிரம்பும், உள்தோலும் கொஞ்சம் தடிக்கும், பிறகு எடுப்பது சுலபம் என்றார். எடுப்பதை இங்கிலாந்தில் இருக்கும் டாக்டரே செய்யட்டும், பாதியில் கை மாறக் கூடாது என்று அங்கே போனில் பேசவும் சம்மதித்தார். இரண்டு பக்கமும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். பொது மயக்கத்தில் குழாய் வைத்து, திசு எடுத்து, ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள்.

திசு ரிப்போர்ட்டில்தான் நான் பிடிவாதம் பிடித்தேன். முதலில் வந்த தாளில் கெரட்டோசிஸ்ட் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. உள்தோலின் மேல் அடுக்கை வைத்து இதை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள், அதில் பாராகெரட்டின் வகைதான் திரும்பத் திரும்ப வரும். ஆர்த்தோகெரட்டின் வகை 2017-லிருந்து தனி நோயாகவே பிரிக்கப்பட்டுவிட்டது, அது எடுத்தால் அநேகமாகத் திரும்பாது. எது என்று எழுதாத ரிப்போர்ட்டை வைத்து அடுத்த ஐந்து வருஷத்தைத் திட்டமிட முடியாது. நோய்க்கூறு டாக்டரை நேரில் பார்க்கக் கேட்டதும் அவர் கோபிக்கவில்லை, மைக்ராஸ்கோப்பில் எங்களுக்கே காட்டினார், மேல் ஓரம் அலை அலையாக, அடியில் செல்கள் வரிசை பிசகாமல் நின்றன. பாராகெரட்டின் என்று தெளிவாக எழுதி, ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கில் பாதியையும் கடிதத்தோடு கொடுத்தார். இதை எல்லா இடத்திலும் கொடுப்பார்களா என்றால், கேட்டால்தான் கொடுப்பார்கள்.

செலவு எங்கள் கையிலிருந்துதான். பயணக் காப்பீடு எடுக்கும்போதே இந்த நோயை அறிவித்திருந்தோம், அதனால் பில் ஒவ்வொன்றாகப் பிரித்து, டிஸ்சார்ஜ் தாளில் நோயின் முழுப் பெயரோடு ஆங்கிலத்தில் கேட்டோம். முதலில் மொத்தத் தொகையாக ஒரே வரியில் கொடுத்த பில்லை மாற்றி வாங்க ஒரு மதியம் போனது. அந்த மருத்துவமனையில் நான் குறை சொல்வது இந்தக் காகித வேலையைத்தான். மருத்துவத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை.

பிறகு குன்னூரில் மிச்ச லீவு. குழாய் வழியாக ஊசியில்லாத சிரிஞ்சால் உப்புத் தண்ணீர் அடித்துக் காலையும் இரவும் கழுவ வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர், சாப்பிட்ட பிறகு, கண்ணாடி முன்னால். முதல் தடவை வெள்ளைத் தூள் தூளாக வெளியே வந்ததைப் பார்த்து அம்மா பயந்துவிட்டார், இரண்டாவது வாரம் அம்மாவே டார்ச் பிடித்தார். எலும்பு மெலிந்திருப்பதால் கடினமாகக் கடிக்கக் கூடாது என்பதில் டாக்டர் கண்டிப்பு, தாடை உடைந்துவிடும் அபாயம் உண்டு. இவளுக்கு உயிரே வர்க்கிதான். டீயில் முக்கி நன்றாக ஊறவிட்டு, இடது பக்கம் மட்டும் மெல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டில் சமாதானம் ஆனாள். தையல் இடத்தைப் பார்க்க அந்த டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார், அழைக்காமலே.

"நம்ம வம்சத்துல யாருக்கும் இல்லையே" என்று பெரியம்மா கேட்டதற்கும் பதில் எழுதிவிடுகிறேன், இதைக் கேட்காத வீடு இருக்காது. கோர்லின் சிண்ட்ரோமே அம்மா அப்பாவிடம் இல்லாமல் பிள்ளைக்குப் புதிதாக வரலாம். சிண்ட்ரோம் இல்லாத கட்டிக்கு வம்சத்தோடு தொடர்பு தேடவே வேண்டாம். மருமகளையோ மகளையோ குற்றம் சொல்ல இதில் இடமே கிடையாது.

இப்போது இங்கிலாந்து திரும்பிவிட்டோம். ஸ்லைடுகளை இங்கே மறுபடி பார்த்து அதே முடிவைச் சொல்லியிருக்கிறார்கள். குழாய் இன்னும் இருக்கிறது, கழுவும்போது தண்ணீர் உள்ளே போகும் அளவு குறைந்து வருகிறது. கட்டியை எடுத்த பிறகு முதல் ஐந்து வருஷம் வருஷத்துக்கு ஒரு ஓபிஜி, அதற்கப்புறமும் விடாமல் இடைவெளி விட்டுப் பார்க்க வேண்டும், பத்து வருஷம் கழித்துத் திரும்பியவர்களும் உண்டு. அடுத்த படத்தை அடுத்த ஆடியில் குன்னூரிலேயே எடுத்து அனுப்பலாமா என்று இங்கே கேட்டேன், அசல் கோப்பாக வந்தால் சரி என்றார்கள். டாக்டரம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். "ஃபைலை மறக்காம எடுத்துட்டு வாங்க, கை காலையும் பார்க்கணும்" என்றார்.